ஆன்லைனில் விற்கப்படும் ரத்தப் பரிசோதனைகள்: மருத்துவ ஊரக நலப்பணிகள் இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,

என் அப்பாவின் ரத்தத்தில் பொட்டாசியம் 6.9 என்று தப்பாகச் சொல்லி, நள்ளிரவில் எங்களை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவைத்தது ஒரு பரிசோதனை. அதை எங்களுக்கு விற்ற செயலி கண்ட தீர்வு, தன் வாலட்டில் 300 ரூபாய். அந்த 300 ரூபாயும் அடுத்த பரிசோதனையை அவர்களிடமே எடுத்தால்தான் செல்லும். அதோடு "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, டிக்கெட் மூடப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி. தீர்ந்ததாக அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எங்களுக்குத் தீரவில்லை.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த மாநிலத்தில் ஒரு தனியார் ஆய்வகம் நடக்கலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியும் 2018இல் வந்த அதன் விதிகளின்படியும் உங்கள் துறையிடம் இருக்கிறது. மாவட்டந்தோறும் இணை இயக்குநர் இருக்கிறார். தெருமுனையில் இரண்டு அறையில் லேப் வைத்திருப்பவர் பதிவுச் சான்றைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார். அதே தெருவில் வீடு வீடாக ஏறி ஊசி போட்டு ரத்தம் எடுத்துப்போகும் செயலிக்குச் சுவரே கிடையாது. அது எந்தச் சான்றை எங்கே மாட்டும்?

நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். முழங்கால் தேய்ந்து, மாடிப்படி இறங்குவதே பெரும்பாடு. அதனால் செயலியில் "முழு உடல் பரிசோதனை, 87 டெஸ்ட், 1,299 ரூபாய்" என்ற பாக்கேஜை வாங்கினேன். திருச்சியில் மே மாதம். காலை 6.40க்கு ரத்தம் எடுத்தார்கள். வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கை சுத்தம், ஊசி புதுசு, பேச்சு மரியாதை. அவரிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மஞ்சள் மூடிக் குழாயில் ஒன்று, ஊதா மூடிக் குழாயில் ஒன்று என இரண்டு குழாய்களில் எடுத்தார். பெயர் ஒட்டவில்லை. கேட்டதற்கு, "பார்கோடு வண்டியில இருக்குக்கா, கீழ போய் ஒட்டிக்கிறேன், இன்னும் ஏழெட்டு வீடு போகணும்" என்றார். குழாய்கள் சாதாரண முதுகுப் பைக்குள் போயின. போகும்போது, செயலியில் அஞ்சு ஸ்டார் போடச் சொல்லிக் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். குறைந்தால் மறுநாள் வேலை குறையுமாம்.

ரிப்போர்ட் இரவு 11.50க்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பக்கம் பக்கமாக வண்ணப் படங்கள். இதயம், சிறுநீரகம், கல்லீரல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரித்த முகமோ அழுத முகமோ. சிறுநீரகத்துக்கு அழுத முகம். அதன் கீழே சிவப்பில் பொட்டாசியம் 6.9, இயல்பு அளவு 3.5 முதல் 5.1 வரை. அந்த அளவு உண்மையாக இருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு நிச்சயம் தெரியும். ஆனால் ஒரு போன் வரவில்லை. நான் விழித்திருந்ததால் பார்த்தேன். தூங்கியிருந்தால் அது காலை வரை வாட்ஸ்அப்பிலேயே கிடந்திருக்கும். அது மெய்யான 6.9ஆக இருந்து நாங்கள் தூங்கியிருந்தால் என்ற எண்ணம்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அப்பாவை நாற்காலியோடு தூக்கி இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி சரியாக இருந்தது. டெல்மிசார்டன் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரை என்பதால் மருத்துவரால் லேசாக விடவும் முடியவில்லை. திரும்ப ரத்தம் எடுத்தார்கள். 4.4. விடியும்வரை கண்காணிப்பில் வைத்து அனுப்பினார்கள். பில் ஆறாயிரத்துக்கு மேல். அந்த இரவில் மருத்துவர் எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி, "இது எந்த லேப்ல பார்த்தது? அவங்களைக் கூப்பிட்டு சாம்பிள் எப்படி இருந்துச்சுன்னு கேக்கலாமே" என்பது. எங்களுக்குப் பதில் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது செயலியின் பெயர் மட்டும். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்து அடியில், படிக்க முடியாத சின்ன எழுத்தில், வேறு மாவட்டத்து முகவரியோடு ஓர் ஆய்வகத்தின் பெயர் இருந்தது. அந்த எண்ணில் இரவு யாரும் எடுக்கவில்லை. "பரிந்துரைத்த மருத்துவர்" என்ற இடத்தில் "செல்ஃப்" என்று போட்டிருந்தது.

மறுநாள் காலை போன் வந்தது. அழைத்தவர் மருத்துவர் அல்லர், "ஹெல்த் அட்வைசர்". ரிப்போர்ட்டில் சிறுநீரகம் சிவப்பாக இருப்பதைக் கவனித்தாராம். கிட்னி பாக்கேஜ் ஒன்று 40 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறதாம். அதாவது அந்தச் சிவப்பு அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது, விற்பனைப் பிரிவின் கண்ணில்.

இனி ஆதாரம். வெளியே தேட வேண்டியதில்லை, அவர்களுடைய ரிப்போர்ட்டே சாட்சி சொல்கிறது. ரத்தம் எடுத்த நேரம் காலை 6.40. ஆய்வகம் பெற்றுக்கொண்ட நேரம் பிற்பகல் 2.05. எடுத்த ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி, சீரம் எனும் தெளிந்த நீர்ப்பகுதியைச் செல்களிலிருந்து பிரிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்பது ஆய்வக வேலையில் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. சிவப்பணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே இருப்பதைப் போல 20 மடங்குக்கு மேல். செல்கள் வாடினாலோ, குலுக்கலில் உடைந்தாலோ அது வெளியே கசிந்து சீரத்தில் கலந்துவிடும். பனிக்கட்டியில் வைத்துக் குளிரூட்டினாலும் கசியும். ஆகவே "ஐஸ் பெட்டி கொடுத்துவிட்டோம்" என்று நிறுவனம் சொன்னால் அதுவும் முழு விடை ஆகாது. சீக்கிரம் சுழற்றுவதுதான் விடை.

இன்னொரு சாட்சியும் அதே பக்கத்தில் இருக்கிறது. அப்பாவின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 84 என்று போட்டிருந்தது. அன்று காலை ரத்தம் எடுக்கச் சற்று முன் வீட்டு குளுக்கோமீட்டரில் நான் பார்த்தது 131. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். ஏழு மணி நேரத்துக்கு மேல் என்றால் 131 எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதைத் தடுக்கத்தான் சர்க்கரைக்கென்று ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய் தனியாக உண்டு. அது எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அதே ரிப்போர்ட்டில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.4. மூன்று மாதச் சராசரி இப்படி இருக்க, வெறும் வயிற்றில் 84, பொட்டாசியம் 6.9, சாம்பிள் வந்ததோ ஏழு மணி நேரம் கழித்து. இந்த நான்கையும் ஒருசேரப் பார்க்கும் எந்த நோய்க்குறியியல் மருத்துவரும் "இந்த சாம்பிள் வேண்டாம், வேறு எடுத்து வாருங்கள்" என்று சொல்லியிருப்பார். ரிப்போர்ட்டின் அடியில் ஒரு மருத்துவரின் கையெழுத்துப் படம் இருக்கிறது. அவர் கண் இதில் பட்டதா என்பதுதான் என் சந்தேகம். ஆய்வக அறிக்கையில் நோய்க்குறியியலில் பட்டமேற்படிப்பு முடித்த, பதிவு பெற்ற மருத்துவரின் கையெழுத்து வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது, கையெழுத்தைப் படமெடுத்து ஒட்டிக்கொள்வதற்காக இருக்க முடியாது.

புகார் கொடுத்தேன். செயலி சொன்னது: "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, பரிசோதனை முடிவுக்கு ஆய்வகமே பொறுப்பு." ஆய்வகம் சொன்னது: "எங்கள் இயந்திரம் சரி, வந்த சாம்பிளில் இருந்ததைச் சொன்னோம், சேகரிப்பு எங்கள் பொறுப்பில்லை." ரத்தம் எடுத்த தம்பி மூன்றாவதாக ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். அந்த நிறுவனத்தின் பெயரையே யாரும் சொல்லவில்லை. ஆக, அப்பாவின் கை நரம்பிலிருந்து ஆய்வக வாசல்வரை, ஒரு வெயில் காலத்து ஏழு மணி நேரத்துக்கு, அந்த ரத்தத்துக்கு உரிமையாளரே இல்லை. ஆய்வகப் பிழைகளில் பெரும்பகுதி ரத்தம் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பது இத்துறையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை. நம் பதிவு முறையோ ஆய்வகத்தின் அறையையும் இயந்திரத்தையும் ஆட்களையும் பார்க்கிறது. பிழை நடப்பது சாலையில்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் நுகர்வோர் ஆணையத்தோடு நிறுத்திக்கொண்டிருப்பேன். ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அலுவலகத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர் தன் மனைவிக்குப் பரிசோதனை புக் செய்தார். கணக்கு அவர் பெயரில் இருந்ததால் ரிப்போர்ட்டில் மனைவியின் பெயருக்கு எதிரே "ஆண்" என்று ஏறிவிட்டது. ஹீமோகுளோபின் 12.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை, ஆண்களுக்கு 13. ஆண் அளவுகோலை வைத்துச் சிவப்பில் காட்டிவிட்டார்கள். இரும்புச்சத்து மாத்திரை விற்க அன்று மாலையே அழைப்பு. அந்த அம்மா ஒரு மாதம் அதைச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். இன்னொருவருக்கு ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன ஆள் பத்தரைக்கு வந்தார். சர்க்கரை நோயாளியான அவருடைய அம்மா வெறும் வயிற்றோடு காத்திருந்து மயங்கி உட்கார்ந்துவிட்டார். பணம் கட்டும்போது காட்டிய ஆய்வகம் ஒன்று, ரிப்போர்ட் வந்தது வேறொன்றிலிருந்து என்பதை மட்டும் பலர் சொன்னார்கள். அதை யாரும் குறையாகக்கூட எண்ணவில்லை, பழகிப்போயிருந்தது.

"87 டெஸ்ட்" என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவின் ரிப்போர்ட்டை உட்கார்ந்து எண்ணினேன். ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் ஐந்து வகை வெள்ளணுக்கள் சதவீதமாக ஐந்து டெஸ்ட், அதே ஐந்து எண்ணிக்கையாக இன்னும் ஐந்து டெஸ்ட். மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்தால் குளோபுலின், அது ஒரு டெஸ்ட். இரண்டையும் வகுத்தால் வரும் விகிதம் இன்னொரு டெஸ்ட். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவை ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல் என்ற ஒரு வகைக் கொலஸ்ட்ரால், அதுவும் டெஸ்ட். யூரியாவை 2.14ஆல் வகுத்தால் யூரியா நைட்ரஜன். எச்பிஏ1சியை ஒரு சூத்திரத்தில் போட்டால் சராசரி சர்க்கரை. இப்படிக் கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுத்து வந்தவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இட்லி, சட்னி, இட்லியும் சட்னியும், சட்னியோடு இட்லி என்று நான்கு பலகாரமாகக் கணக்கெழுதும் ஓட்டலில் நாம் சண்டை போடுவோம். இங்கே அதை "சலுகை" என்று வாங்குகிறோம். அந்தக் கணக்கீடுகள் தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை, மருத்துவருக்கு அவை பயன்படும். அவற்றைத் தனித்தனிப் பரிசோதனை என்று விளம்பரத்தில் எண்ணிக் காட்டுவதைத்தான் சொல்கிறேன்.

எண்ணிக்கை கூடுவதில் ஏமாற்று மட்டும் இல்லை, ஆபத்தும் உண்டு. இயல்பு அளவு என்பது பெரும்பாலும் நலமாக இருப்பவர்களில் 95 சதவீதத்தினர் அடங்கும்படி வகுத்த எல்லை. நோயே இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் அதற்கு வெளியேதான் இருப்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை ஒரு நலமான மனிதருக்குச் செய்தால், ஒன்றாவது சிவப்பில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். 87 வரிகள் விற்றால் சிவப்பே இல்லாத ரிப்போர்ட் அபூர்வம். மருத்துவர் கேட்டு எடுக்கும் பரிசோதனையில் அந்தச் சிவப்பை நோயாளியின் முகத்தோடும் மாத்திரையோடும் சேர்த்துப் படிக்க ஒருவர் இருக்கிறார். இங்கே அதைப் படிப்பவர் அடுத்த பாக்கேஜை விற்பவர்.

மக்கள் ஏன் இதற்குப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். போவதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமான லேப்பில் எந்த டெஸ்டுக்கு எவ்வளவு என்று வாசலில் எழுதிவைத்திருப்பது குறைவு. குறிப்பிட்ட லேப்புக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கமிஷன் பழக்கத்தை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடுத்தும் அது ஒழிந்ததாக யாரும் நம்புவதில்லை. செயலியில் விலை தெரிகிறது, ஒப்பிடலாம், வீட்டுக்கே வருகிறார்கள். நடக்க முடியாத அப்பாவை வைத்திருக்கும் எனக்கு வீட்டுக்கு வருவது ஆடம்பரம் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியபோது தமிழ்நாடு அரசு சொன்னதும் அதைத்தானே: நோயாளி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். ஆகவே செயலிகளை மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மூடினால் என்னைப் போன்றவர்களுக்குத்தான் கஷ்டம்.

சட்டம் அடியோடு இல்லை என்பதும் இல்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன. வாடிக்கையாளரின் சம்மதத்தைத் தாமே முன்கூட்டி டிக் செய்து வைத்துக்கொள்ளக் கூடாது என்கின்றன. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. போலி அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் விலையை ஏற்றுவது மூன்றும் அதில் உண்டு. நான் பணம் கட்டிய பக்கத்தில் ஒன்பது நிமிடக் கடிகாரம் ஓடியது. நான் தொடாத வைட்டமின் டி கூடையில் இருந்தது. ரத்தம் எடுக்கும் கட்டணம் கடைசித் திரையில்தான் முளைத்தது. இவற்றுக்கு 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதில் வேலையும் நடக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் நுகர்வோர் சட்டத்தால் பணத்தைத் திருப்பி வாங்கித் தர முடியும். ஏழு மணி நேரம் பழைய ரத்தத்தை இயந்திரத்தில் ஏற்றாதே என்று சொல்வது மருத்துவத் துறையின் வேலை.

"எங்கள் ஆய்வகம் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றது" என்று எல்லாச் செயலியும் முகப்பில் போட்டுக்கொள்கிறது. என்ஏபிஎல் என்பது ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம். அந்த அங்கீகாரம், மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி, குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் ஆய்வகத்துக்கு, குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கு மட்டும் தரப்படுவது. ஒரு நிறுவனத்தின் ஓர் ஊர் ஆய்வகத்துக்குக் கிடைத்ததை எல்லா ஊருக்கும் போர்த்த முடியாது, ரத்தம் பார்க்காத செயலிக்கு அது கிடைப்பதே இல்லை. இந்தத் தரம் கேட்கும் முக்கியமான ஒன்று, உயிருக்கு ஆபத்தான முடிவு வந்தால் பரிசோதனை கேட்ட மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது. கேட்ட மருத்துவர் "செல்ஃப்" என்றால் யாருக்குத் தெரிவிப்பது? இந்த ஓட்டைதான் எங்கள் இரவில் திறந்துகொண்டது. இடைத்தரகுச் செயலிகள் முறையான பதிவின்றி ரத்த மாதிரி சேகரிப்பதாக 2020லேயே தில்லி உயர் நீதிமன்றம்வரை வழக்கு போயிருக்கிறது. தமிழ்நாடு இன்னொரு நீதிமன்ற உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம்மிடம் சொந்தச் சட்டம் இருக்கிறது, விதிகளைத் திருத்தும் அதிகாரமும் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலில், வீட்டில் ரத்தம் எடுப்பதை ஆய்வகத்தின் வேலையாகவே சட்டத்தில் எழுதுங்கள். யார் ஆளை அனுப்பினாலும், ஊசி குத்திய நொடியிலிருந்து அந்த ரத்தத்துக்கு ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் ஆய்வகமே பொறுப்பு என்று இருக்கட்டும். தமிழ்நாட்டில் ரத்தப் பரிசோதனை விற்கும் எந்தச் செயலியும் இயக்குநரகத்தில் பதிய வேண்டும், பதிந்த ஆய்வகங்களோடு மட்டுமே வேலை செய்ய வேண்டும். பணம் கட்டும் பக்கத்திலேயே ஆய்வகத்தின் பெயர், முகவரி, பதிவு எண் மூன்றும் தமிழிலும் தெரிய வேண்டும். பணம் வாங்கியபின் வாடிக்கையாளரைக் கேட்காமல் ஆய்வகத்தை மாற்றக் கூடாது.

ரத்தம் எடுக்க வருபவர் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தவர் என்பதற்கான அடையாள அட்டை காட்ட வேண்டும். குழாயில் நோயாளியின் கண்முன்னே பெயர் ஒட்ட வேண்டும். எடுத்த நேரம், சுழற்றிப் பிரித்த நேரம், ஆய்வகம் பெற்ற நேரம் மூன்றையும் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போடவும், வரம்பைத் தாண்டிய சாம்பிளை நிராகரித்து இலவசமாக மறுபடி எடுக்கவும் கட்டாயப்படுத்துங்கள். ஒரு காலையில் ஓர் ஆள் எத்தனை வீடு போகலாம் என்பதற்கும் உச்சவரம்பு வேண்டும். அந்தத் தம்பியின் முதுகில் ஏழெட்டு வீட்டை ஏற்றிவிட்டு அவர் மெதுவாகப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உயிருக்கு ஆபத்தான அளவுகளின் பட்டியலை உங்கள் துறையே வெளியிட வேண்டும். அப்படி ஒரு முடிவு வந்தால், நேரம் எதுவானாலும், ஒரு மருத்துவர் நோயாளியை அழைத்துத் தமிழில் பேச வேண்டும், பேசியதற்கான பதிவு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பியது தெரிவித்ததாகாது. தானே புக் செய்பவர்களுக்கென்று பணிநேர மருத்துவர் ஒருவரை வைக்க முடியாத நிறுவனம் அவர்களுக்குப் பரிசோதனை விற்கக் கூடாது.

விளம்பரத்தில் அளந்து பார்த்த பரிசோதனைகளை மட்டும் எண்ணட்டும். கணக்கிட்டு வந்தவற்றுக்கு எதிரே அப்படி என்று குறிக்கட்டும். பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மாத்திரையோ பாக்கேஜோ விற்க அழைப்பதைத் தடை செய்யுங்கள். ரிப்போர்ட் தவறென்று தெரிந்தால் பணம் வந்த வங்கிக் கணக்குக்கே திரும்பிப் போக வேண்டும், அதனால் ஏற்பட்ட மருத்துவச் செலவும் சேர்த்து.

கடைசியாக, ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தின் புகார் எண்ணை அச்சிட வையுங்கள். 104 சேவையில் ஆய்வகப் புகாருக்கென்று ஒரு பிரிவு திறந்து, எந்த ஆய்வகத்தின் மீது என்ன நடவடிக்கை என்பதை ஆண்டுக்கொரு முறை வெளியிடுங்கள். விதிகளைத் திருத்த நாளாகும் என்றால், முதல் இரண்டு கோரிக்கைகளையாவது இப்போதைக்கு ஒரு சுற்றறிக்கையாக அனுப்பலாம்.

அப்பாவின் இரண்டு ரிப்போர்ட்டுகள், மருத்துவமனை பில், செயலியோடு நடந்த கடிதப் போக்குவரத்து, பணம் கட்டிய பக்கத்தின் படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நிறுவனத்தின் பெயரை இந்தப் பொது மடலில் எழுதவில்லை. திருச்சி இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து அழைத்தால் பெயரோடு எல்லாவற்றையும் ஒப்படைக்கிறேன். இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்க முடியாது, ஏன் என்பதை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்,
திருச்சிராப்பள்ளி